ஸ்டிரிங் போட ஒரே ஆள், ஒரே மெஷின்

டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் போட எப்போதும் ஒரே ஆளிடம், அதே மெஷினில் கொடுங்கள். போட்ட தேதி, ஸ்டிரிங் வகை, டென்ஷன் (ஸ்டிரிங்கின் இறுக்கம்) மூன்றையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, கைப்பிடிக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

‘24 கிலோ’ என்று சொன்னாலும் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் வராது. எலெக்ட்ரானிக் மெஷின், ஸ்டிரிங்கை நழுவாமல் பிடிக்கும் கிளாம்பைப் போடும்வரை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கையால் சுற்றும் கிராங்க் மெஷினோ குறித்த அளவை எட்டியதும் பூட்டிக்கொள்ளும். கிளாம்ப் போடுவதற்குள் ஸ்டிரிங் கொஞ்சம் தளர்ந்துவிடும். அதனால் கிராங்கில் போட்டது பெரும்பாலும் சற்று லூஸாகவே இருக்கும். அப்புறம், முடிச்சுப் போடும் கைப்பக்குவம் ஆளுக்கு ஆள் வேறு. விம்பிள்டன் மாதிரி பெரிய போட்டிகளில் ஒரு வீரரின் ராக்கெட்டுகளை முடிந்தவரை ஒரே ஸ்டிரிங்கரிடம் விடுவது இதனால்தான். நமக்கோ, ‘சரியில்லை’ என்று நல்ல ஸ்டிரிங்கை அறுத்துவிட்டு மறுபடி போடும் செலவு மிச்சம்.

புதிதாக ஆடுபவர்கள் இதற்கெல்லாம் அலைய வேண்டாம், ஒரு கிலோ வித்தியாசம் கைக்குத் தெரியாது. மெஷினின் அளவைச் சரிபார்க்கவே செய்யாத கடை என்றாலும் இது பலிக்காது. அங்கே ஒரே ராக்கெட் மாதத்துக்கு மாதம் வேறு மாதிரி வரும். பாலியஸ்டர் ஸ்டிரிங் அறுந்துபோகாமலேயே இறுக்கமும் துள்ளலும் போய் உயிர் விட்டுவிடும், அதை யார் போட்டிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.