147 பவுண்டில் செய்யக் கூடாத தவறுகள்

வெல்டர்வெயிட் என்றால் 147 பவுண்டு, கிலோவில் 66.68. குத்துச்சண்டையில் இது இரண்டு பக்கமும் வாசல் வைத்த வீடு. 135, 140இல் இருப்பவர்கள் பெரிய பணத்துக்காக இங்கே ஏறி வருவார்கள். 154, 160இல் இருப்பவர்கள் பெரிய பெயரோடு மோத இங்கே இறங்கி வருவார்கள். உள்ளே இருப்பவருக்கும் அடுத்த வாசல் மேல் ஒரு கண் இருக்கும். அதனாலோ என்னவோ, இந்தப் பிரிவின் பெரிய சறுக்கல்களைத் தோண்டிப் பார்த்தால், பல ரிங்குக்குள் தொடங்கியவையே இல்லை. தராசிலும் காலண்டரிலும் முடிந்துபோன கதைகள் அவை.

முதலில் தராசு. ரொபர்ட்டோ துரான் பனாமாக்காரர், 135 பவுண்டுப் பிரிவான லைட்வெயிட்டில் ஆண்டுக்கணக்கில் ராஜாவாக இருந்தவர். 1980 ஜூன் 20 அன்று மொன்றியலில் சுகர் ரே லெனார்டை 15 ரவுண்டு விடாமல் நெருக்கி அடித்து, வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். நான்கு வருடம் முன்பு லெனார்ட் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அதே ஊர். அப்புறம் என்ன, விருந்தும் கொண்டாட்டமும்தான். உடம்பு ஊதிவிட்டது. அந்தச் செய்தி லெனார்டின் காதுக்கு எட்டியது. மறுமோதலை உடனே வையுங்கள் என்று தன் ஆட்களை அவசரப்படுத்தினார். எதிராளி எந்த நிலையில் இருக்கிறான் என்று பார்த்துத் தேதி குறிப்பதும் ஒரு குத்துதான்.

ஐந்தே மாதத்தில், நவம்பர் 25 அன்று, நியூ ஆர்லியன்ஸில் இருவரும் மறுபடி நின்றார்கள். துரான் குறுகிய காலத்தில் எக்கச்சக்கமாக எடை இறக்கியிருந்தார். எடை பார்த்து முடிந்ததும் காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி சாப்பிட்டார். ஏழாவது ரவுண்டில் லெனார்ட் வலது கையை ராட்டினம் போலச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். துரான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க, இடது கை வந்து மூக்கில் இறங்கியது. கூட்டம் சிரித்தது. எட்டாவது ரவுண்டில் துரான் கையை உதறிவிட்டுத் திரும்பி நடந்தார். ‘நோ மாஸ்’, அதாவது ‘இனி வேண்டாம்’ என்று அவர் சொன்னதாக உலகமே எழுதியது. அப்படிச் சொல்லவே இல்லை என்றும், வயிற்றைப் பிடித்துக்கொண்டது என்றும் அவர் பிற்பாடு சொன்னார். வயிறு பிடித்தது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அந்த வயிற்றுக்கும் அவரே பொறுப்பு.

எடை இறக்குவது என்று பொதுவாகச் சொல்கிறோம். கடைசி நாட்களில் இறங்குவது கொழுப்பு அல்ல, தண்ணீர். சூடான அறையில் உட்கார்ந்து, வியர்வை வெளியேற ரப்பர் உடை போட்டுக்கொண்டு ஓடி, நாக்கு வறள வறளத் துப்பி 147க்கு வருகிறார்கள். இப்போதெல்லாம் எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். இடையில் குடித்துச் சாப்பிட்டுத் தேறிவிடலாம் என்பது கணக்கு. எடை திரும்பிவிடும், கால்களின் தெம்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. சண்டை இல்லாத மாதங்களிலும் உடம்பை 147க்கு மேல் பத்துப் பதினைந்து பவுண்டுக்குள் பிடித்து வைத்திருப்பவருக்கு இந்த வதை பெரும்பாலும் இருக்காது.

ஆஸ்கர் டி லா ஹோயா செய்தது வேறு விதமான தப்பு. 2001க்குப் பிறகு 147 பக்கமே வராதவர், 2008 டிசம்பர் 6 அன்று மேனி பாக்கியாவோடு மோதுவதற்காக இறங்கி வந்தார். பாக்கியாவ் முதல் உலகப் பட்டம் வாங்கியது 112 பவுண்டில். பெரியவன் சின்னவனை நசுக்கிவிடுவான் என்றுதான் பலரும் பேசினார்கள். தராசில் டி லா ஹோயா 145, பாக்கியாவ் 142. மறுநாள் ரிங்கில் ஏறும்போது டி லா ஹோயா 147, பாக்கியாவ் 148.5! உயரமானவரின் உடம்பு தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. குட்டையானவர் அவரைவிடக் கனமாகிவிட்டார். எட்டு ரவுண்டு முடிந்ததும் டி லா ஹோயா ஸ்டூலை விட்டு எழவில்லை. அதுவே அவருடைய கடைசிச் சண்டை.

எதிர்ப்பக்கத்து வாசலில் கெல் புரூக். 147இல் சாம்பியனாக இருந்த இந்த ஷெஃபீல்டுக்காரர் 2016 செப்டம்பரில் இரண்டு பிரிவு தாண்டி, 160 பவுண்டு சாம்பியன் கெனடி கொலோவ்கினை எதிர்த்தார். ஐந்தாவது ரவுண்டில் அவருடைய பயிற்சியாளர் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார். வலது கண்குழி எலும்பு உடைந்திருந்தது. இதைத்தான் எல்லோரும் புரூக்கின் தவறு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல கூலிக்குத் துணிச்சலான பந்தயம், அவ்வளவுதான். தவறு அதற்கு அடுத்தது. அறுவை சிகிச்சை முடிந்து எட்டரை மாதத்தில், 2017 மே மாதம், அதே உடம்பை மறுபடி 147க்கு இறக்கி, எரோல் ஸ்பென்ஸ் என்ற இளம் புயலுக்கு எதிரே நின்றார். இந்த முறை உடைந்தது இடது கண்குழி. பதினொன்றாவது ரவுண்டில் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்துவிட்டார், 147இன் சாம்பியன் பெல்ட்டும் போயிற்று. அந்தப் பெல்ட்டை முன்பே விட்டுக்கொடுத்துவிட்டு 154க்குப் போயிருக்கலாம். பெல்ட்டை யாரும் சும்மா விடமாட்டார்கள், அதுதான் சிக்கல்.

காலண்டர் தவறில் உயிரே போகும். கியூபாவில் பிறந்த பென்னி பாரெட் வெல்டர்வெயிட் சாம்பியன். 1961 டிசம்பர் 9 அன்று மேல் எடைப் பிரிவின் ஜீன் ஃபுல்மரோடு மோதி, பல முறை விழுந்து, பத்தாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். மூன்றரை மாதத்தில், 1962 மார்ச் 24 அன்று, நியூயார்க்கில் எமில் கிரிஃபித்தோடு பட்டச் சண்டை. பன்னிரண்டாவது ரவுண்டில் பாரெட் மூலையில் மாட்டிக்கொண்டார். கயிறு தாங்கிப் பிடித்ததால் கீழே விழவும் முடியவில்லை. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் பாய்ந்து வந்து பிரிப்பதற்குள் கிரிஃபித் சரமாரியாக அடித்துவிட்டார். நினைவு திரும்பாமலே பத்து நாளில் பாரெட் இறந்தார். வயது 25. பழி நடுவர் மேல் விழுந்தது. அவர் தாமதித்தது உண்மைதான். ஆனால் ஃபுல்மரிடம் அப்படி அடி வாங்கியவரை மார்ச்சில் மறுபடி ஏற்றியது யார்? இன்று நாக் அவுட் ஆனவருக்குக் கட்டாய ஓய்வு நாட்கள் உண்டு. ஆனாலும் ஜிம்மில் ஸ்பாரிங்கின்போது, அதாவது பயிற்சி மோதலில், வாங்கும் அடிக்குக் கணக்கெழுத ஆளில்லை.

ரிங்குக்குள் நடக்கும் தவறுகளில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். 1999 செப்டம்பரில் ஃபெலிக்ஸ் டிரினிடாடுக்கு எதிராக நன்றாக ஆடிக்கொண்டிருந்த டி லா ஹோயா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கடைசி ரவுண்டுகளை ஓடியே கழித்தார். புள்ளி போடும் மூன்று நடுவர்களில் ஒருவர் சமம் என்றார், மற்ற இருவரும் டிரினிடாடுக்கு எழுதிவிட்டார்கள். இன்னொருவர் விக்டர் ஓர்டிஸ். 2011இல் ஃப்ளாய்ட் மேவெதரைத் தலையால் முட்டினார். புள்ளி குறைத்தார்கள். சண்டை மீண்டும் தொடங்கியதும் கையைத் தொங்கவிட்டு, மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்தார். நடுவர் ஜோ கார்டெஸின் பார்வை ரிங்குக்கு வெளியே இருந்தது. மேவெதர் ஒரு இடது, ஒரு வலது விட்டார், கதை முடிந்தது. மேவெதர் செய்தது அழகில்லை, ஆனால் விதிப்படி சரி. மன்னிப்பைக் கடைசி மணி அடித்த பிறகும் கேட்கலாம்.

பண விஷயத்துக்கு லெனார்டே பாடம். 1977இல் தொழில்முறைக்கு வந்தபோது, சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் எந்தப் புரமோட்டரிடமும் தன்னை எழுதிக்கொடுக்கவில்லை. வழக்கறிஞர் மைக் டிரெய்னர் 24 பேரிடம் 21,000 டாலர் திரட்டிக் கொடுத்தார், 8 சதவீத வட்டிக் கடனாக. முதல் சண்டையிலேயே கிட்டத்தட்ட 40,000 டாலர் வந்தது; கடனை அடைத்தாயிற்று. முன்பணத்தைப் பார்த்துவிட்டு வருடக்கணக்கில் கையெழுத்துப் போடும் பையன்கள் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரப் பிறகு பெரிய விலை கொடுக்கிறார்கள். மேவெதர் 2006இல் தன் புரமோட்டரிடமிருந்து விலகக் கொடுத்தது 7,50,000 டாலர். அவருக்கு அது லாபமாக முடிந்தது. எல்லோரும் மேவெதர் இல்லையே.

ஆனால் அதே லெனார்டுக்கு விலகத் தெரியவில்லை. விழித்திரை பிரிந்து 1982இல் ஓய்வு. 1984இல் ஒரு சண்டைக்கு வந்து மறுபடி ஓய்வு. 1987இல் திரும்பி வந்து 160 பவுண்டு சாம்பியன் மார்வின் ஹாக்லரை வென்றார். அந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது என்பேன். எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிட்டது. 1991இல் டெர்ரி நாரிஸிடம் 12 ரவுண்டு அடி வாங்கி ஓய்வு. 1997இல், 40 வயதில், ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு ஹெக்டர் கமாச்சோவோடு இறங்கினார். ஐந்தாவது ரவுண்டில் சண்டையை நிறுத்தினார்கள். 1976இல் ஒலிம்பிக் தங்கத்தோடு, என் பயணம் முடிந்தது, கல்லூரிக்குப் போகப்போகிறேன் என்று சொன்னவரும் இவர்தான்.