கலைந்தாற்போல் தெரிய வேண்டும், கலையக் கூடாது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு போஹோ பின்னலும் உடையும்

படங்களில் போஹோ பாணியில், அதாவது கிடைத்ததைக் கலந்து தளர்வாக உடுத்தும் பாணியில் நிற்கும் பெண்களைப் பார்த்தால், தூங்கி எழுந்து முடியைக் கையால் கோதிவிட்டு அப்படியே வந்துவிட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். நிஜமாகவே அப்படி வந்தால் அரை மணி நேரத்தில் பின்னல் சரிந்து, ஊசி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தளர்ச்சி, இறுக்கிப் பின்னிய பிறகு நாமே கையால் உண்டாக்குவது. முதலில் இறுக்கம், பிறகு இளக்கம், கடைசியில் ஊசி. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் நிற்காது.

என் முடி மெல்லியது, நேர்முடி. ரப்பர் பேண்ட் போட்டால்கூட வழுக்கி இறங்கிவிடும். அதனால் இங்கே சொல்லும் முறை அப்படிப்பட்ட முடியை மனதில் வைத்தது. சுருள் முடிக்காரர்கள், லேயர் கட் செய்தவர்கள் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சாதாரண மூன்று கால் பின்னல் போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

வால் சீப்பு ஒன்று, அகலப் பல் சீப்பு ஒன்று, நிறமில்லாத குட்டி ரப்பர் பேண்டுகள், முடி நிறத்திலேயே பாபி பின்கள், சில கொண்டை ஊசிகள், ஒரு ஹேர் ஸ்ப்ரே. பின்பக்கம் பார்க்க ஒரு கைக்கண்ணாடி இருந்தால் நல்லது.

கர்லிங் அயர்னைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இந்த அலங்காரத்துக்கு அது வீண் வேலை என்பது என் கருத்து. அதில் வரும் சுருள் எல்லாம் ஒரே அளவில், ஒரே திசையில் இருக்கும். போஹோவுக்கு அந்த ஒழுங்கே ஆகாது. உப்பு நீர் ஸ்ப்ரே பலருக்குப் பிடிக்கும். முடிக்குப் பிடிப்பு தரும் என்பது உண்மைதான். ஆனால் நுனி ஏற்கெனவே வறண்டிருந்தால் இன்னும் சொரசொரப்பாக்கிவிடும். என் ஓட்டு உலர் ஷாம்பூவுக்கு. வேரில் கொஞ்சம் தூவி விரலால் தேய்த்தால் வழுக்கும் முடிக்கும் ஒரு பிடிப்பு வந்துவிடும்.

தலைக்குக் குளித்த அன்றே பின்ன உட்காராதீர்கள். மறுநாள் முடிதான் கைக்கு அடங்கும்.

படி 1: முந்தைய இரவே அலை

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் விடுபடும். காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரமாகப் பின்னிக் காயவிட்டால் அலை விழுவது இதனால்தான். காற்றில் ஈரப்பதம் கூடிய நாளில் அதே அலை தொய்ந்துபோவதும் இதனால்தான்.

எவ்வளவு ஈரம் என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். சொட்டச் சொட்டப் பின்னினால் காலையிலும் பின்னலின் உள்பக்கம் காய்ந்திருக்காது. அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் முடி பழையபடி நேராகிவிடும். போதாததற்கு, நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்தும் போகும். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், துண்டில் வைத்துப் பிழிந்தால் துண்டு நனையக் கூடாது. அதுதான் பதம். முடி காய்ந்திருந்தால் தண்ணீரை லேசாகத் தெளித்துக்கொண்டாலே போதும்.

இரண்டு பின்னல் போட்டால் பெரிய, சோம்பேறித்தனமான அலை கிடைக்கும். நான்கைந்து போட்டால் நெருக்கமான அலை. எனக்கு இரண்டே பிடிக்கும். வேரிலிருந்து பின்னாமல் காது மட்டத்தில் தொடங்குங்கள், நுனியில் இரண்டு விரற்கடை பின்னாமல் விட்டுவிடுங்கள். உச்சியும் நுனியும் நேராக இருந்து நடுவில் மட்டும் அலை விழுந்தால்தான் செயற்கையாகத் தெரியாது.

காலையில் அவிழ்த்ததும் சீப்பைத் தொடாதீர்கள். விரலால் இரண்டு தடவை கோதினால் போதும்.

படி 2: முன்முடியை இப்போதே ஒதுக்குங்கள்

முகத்தின் இரு பக்கமும் நெளிந்து தொங்கும் அந்த இரண்டு மெல்லிய கற்றைகளைப் பின்னலைத் தொடங்கும் முன்பே பிரித்து கிளிப் போட்டு வைக்க வேண்டும். பின்னிய பிறகு உள்ளிருந்து உருவி எடுத்தால் அந்த இடத்துப் பின்னல் தளர்ந்துவிடும். பென்சில் பருமன் போதும். வகிடு நடுவிலோ பக்கத்திலோ உங்கள் விருப்பம். கோடு போட்டாற்போல் நேராக எடுக்காமல், வால் சீப்பின் முனையைக் கொஞ்சம் வளைத்து வளைத்து இழுத்து எடுங்கள்.

படி 3: இரு பக்கமும் டச்சு பின்னல்

சாதாரணப் பின்னலில் பக்கத்துக் கால் நடுக் காலின் மேலே வரும். டச்சு பின்னலில் அடியில் போகும். வித்தியாசம் அவ்வளவுதான். அடியில் போவதால் பின்னல் முழுசும் மேலே எழும்பி, தலையில் கயிறு ஒட்டி வைத்தாற்போல் நிற்கும். பிறகு இளக்குவதற்கு அந்த எழும்பல்தான் வேண்டும்.

வகிட்டின் ஒரு பக்கம், நெற்றியோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி எடுத்து மூன்று காலாகப் பிரியுங்கள். முகத்துப் பக்கக் காலை நடுக் காலுக்கு அடியில் விடுங்கள். அடுத்து உச்சிப் பக்கக் காலை அடியில் விடுங்கள். இதிலிருந்து, முகத்துப் பக்கக் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நெற்றியோரத்திலிருந்து கொஞ்சம் புது முடியை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சிப் பக்கத்தில் எதையும் சேர்க்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பதால் கைக்கும் சுலபம், உச்சி முடியும் கலையாமல் அப்படியே விழும்.

கை தலையை ஒட்டியே இருக்க வேண்டும். எட்டிப் பார்க்க வசதி என்று கையை வெளியே நீட்டிப் பின்னினால், வேர்ப் பக்கத்தில் தொள தொளவென்று ஒரு புடைப்பு வரும். கண்ணாடியில் பார்க்கும்போது பின்னல் நன்றாகத்தான் தெரியும். தலையைத் திருப்பினால் காதுக்கு மேலே தொங்கும். பின்னல் எந்தப் பக்கம் படிந்து கிடக்க வேண்டுமோ அந்தத் திசையிலேயே கையைக் கொண்டுபோங்கள். இங்கே பிடரியை நோக்கி.

காதைத் தாண்டியதும் முடி சேர்ப்பதை நிறுத்திவிட்டு நுனி வரை பின்னி ரப்பர் பேண்ட் போடுங்கள். மறுபக்கமும் இதே மாதிரி. இந்தக் கட்டத்தில் கண்ணாடியைப் பார்த்தால் பள்ளிக்கூடம் போகும் சிறுமி மாதிரி இருக்கும். பரவாயில்லை, இறுக்கம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

படி 4: இளக்குதல்

வேலையே இங்கேதான். மற்ற படிகளுக்கெல்லாம் சேர்த்துச் செலவிடும் நேரத்தை இதற்கு ஒன்றுக்கே கொடுக்கலாம்.

பின்னலின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். விடக் கூடாது. மறு கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பின்னலின் ஓரத்து வளைவைக் கிள்ளிப் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். வளைவு முழுவதையும் பிடிக்கக் கூடாது, அதன் வெளி விளிம்பை மட்டும். உள்பக்க முடியும் சேர்ந்து வந்தால் நடுவில் ஓட்டை விழுந்து தலை தெரியும்; அந்த இடத்தைச் சரிக்கட்டவே முடியாது, அவிழ்த்துப் பின்ன வேண்டியதுதான்.

கீழிருந்து மேலே போங்கள். நுனிப் பக்கம் தொடங்கும்போது மேலே உள்ள பின்னல் இறுக்கமாக இருப்பதால் இழுப்பு அளவுக்கு மீறிப் போகாது. மேலிருந்து தொடங்கினால் பின்னல் முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும். இடது ஓரம், வலது ஓரம் என்று மாறி மாறி, ஒவ்வொன்றையும் கொஞ்சமாக. ஒரே இழுப்பில் அகலமாக்க நினைக்காதீர்கள். ஒரு சுற்று முடித்துத் தள்ளி நின்று பார்த்து, வேண்டுமானால் இன்னொரு சுற்று.

இழுக்கும் திசையும் முக்கியம். நம்மை நோக்கி வெளியே இழுத்தால் முடி வளையம் வளையமாகத் துருத்தி நிற்கும். தலையோடு படிய, தட்டையாகப் பக்கவாட்டில் இழுத்தால் பின்னல் அகலமாகும், முடி அடர்த்தியாகத் தெரியும். ஒற்றை முடி மட்டும் வளையமாகக் கிளம்பிவிட்டால் வெட்டாதீர்கள், உள்ளங்கையால் நுனிப் பக்கம் தடவிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நெற்றியோரத்தில் முதல் இரண்டு மூன்று வளைவுகளைத் தொடவே தொடாதீர்கள். பின்னலைத் தாங்கிப் பிடிப்பது அவைதான். அழகாக இருக்கட்டும் என்று அதையும் இளக்கினால் பின்னல் நெற்றிக்கு இறங்கி வரும்.

இளக்கி முடித்ததும் பின்னல் முன்பைவிடக் கொஞ்சம் குட்டையாகியிருக்கும். அது இயல்புதான்.

படி 5: ஊசி

இரண்டு பின்னலையும் பிடரிக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, நுனிகளை ஒன்றின் அடியில் ஒன்றாக மறைத்துவிடுங்கள். பாபி பின்னில் நெளிநெளியான பக்கம் தலையைத் தொட வேண்டும், நேரான பக்கம் மேலே. தலைகீழாகவே பலர் குத்துகிறார்கள். முடியைப் பற்றிக்கொள்ளத்தான் அந்த நெளிவே இருக்கிறது.

பின்னை முதலில் பின்னல் போகும் திசைக்கு எதிர்த் திசையில் வைத்து, பின்னலிலிருந்து கொஞ்சம், தலையை ஒட்டிய முடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, அப்படியே திருப்பி உள்ளே தள்ளுங்கள். அதற்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இன்னொன்று. வழுக்கும் முடி என்றால் பின்களை ஒரு தாளில் பரப்பி ஸ்ப்ரே அடித்துவிட்டுக் குத்துங்கள், பத்துப் பின் செய்யும் வேலையை நான்கு செய்யும். கொண்டை ஊசி, பருமனான பகுதி துள்ளாமல் இருக்க மட்டும். குத்திய இடம் வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி குத்துங்கள். போகப் போகச் சரியாகும் என்று விட்டால் தலைவலியில்தான் முடியும்.

கடைசியாக முன்முடியை அவிழ்த்துவிடுங்கள். பின்னலில் சின்ன வளையமோ, ஒரு நூல் சுற்றோ, துணிப் பட்டையோ சேர்க்கலாம். ஏதாவது ஒன்று மட்டும்.

இனி உடை

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: தலை வழியாகப் போடும் உடை என்றால் அதை மாட்டிக்கொண்டுதான் பின்னவே உட்கார வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் கிடைத்ததைக் கலந்து உடுத்தியதில் தொடங்கிய பாணி இது. 1960, 70களில் ஹிப்பிகள் இதைக் கையில் எடுத்தார்கள். இந்தியப் பருத்தியும் அச்சு வேலையும் எம்பிராய்டரியும் அப்போது இதற்குள் வந்து சேர்ந்தன. 2000களின் நடுவில் மறுபடி ஒரு சுற்று வந்தது. கலந்து உடுத்துவதில் பிறந்த பாணி என்பதால், தலை முதல் கால் வரை ஒரே செட்டாக வாங்கிப் போட்டால் நாடக வேடம் மாதிரி ஆகிவிடும். அலமாரியில் இருக்கும் பழைய சட்டையோடு புதுப் பாவாடை ஒன்றைச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

நான் பார்க்கும் முதல் கணக்கு: ஒன்று தொளதொளப்பாக இருந்தால் மற்றொன்று உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கணுக்கால் வரை விரியும் பாவாடை என்றால் மேலே கச்சிதமான டாப். மேலே தொளதொள டியூனிக் என்றால் இடுப்பில் ஒரு பெல்ட், அல்லது கீழே ஒல்லியான ஜீன்ஸ். இரண்டும் தொளதொளப்பாக இருந்தால் ஆள் துணிக்குள் காணாமல் போய்விடுவார். குள்ளமானவர்கள் பாவாடையை இடுப்புக்குச் சற்று மேலே ஏற்றிக் கட்டினால் கால் நீளமாகத் தெரியும்.

அச்சு இரண்டைக் கலக்க ஆசை இருந்தால் ஒன்று பெரிய பூ, மற்றொன்று பொடி வேலை. இரண்டிலும் பொதுவாக ஒரு நிறம் இருக்கட்டும். துணியில் பருத்தி, லினன், ரேயான். ரேயான் அழகாக வழிந்து விழும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், முறுக்கிப் பிழியாதீர்கள். துரு நிறம், கடுகு மஞ்சள், சந்தன வெள்ளை, ஆலிவ் பச்சை, இண்டிகோ நீலம் ஆகியவை ஒன்றோடொன்று சண்டை போடாத நிறங்கள்.

நகையில் ஒரு எச்சரிக்கை. குஞ்சம் வைத்த நீளத் தோடும் முகத்தோரம் தொங்கும் முன்முடியும் ஒன்றாகச் சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும். தலையைத் திருப்பும்போதெல்லாம் சுரீரென்று இழுக்கும். முன்முடி வேண்டுமென்றால் வளையம் அல்லது சின்னத் தோடு போட்டு, கனமானதைக் கழுத்துக்கோ கைக்கோ மாற்றிவிடுங்கள். குரோஷே மேலங்கியும் இதே ரகம்தான், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் மாட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

லேயர் கட் செய்த முடியில் பின்னலின் ஓரமெல்லாம் நுனி குத்திட்டு நிற்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். பின்னுவதற்கு முன் விரல் நுனியில் துளி ஜெல் தொட்டு ஒவ்வொரு காலிலும் தடவுங்கள், இளக்குவதையும் பாதியோடு நிறுத்துங்கள். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும், இந்தப் பாணியில் அது குறையாகத் தெரியாது.

சுருள் முடிக்கு முதல் படியே வேண்டாம். இருக்கும் சுருளே போதும். காய்ந்த நிலையில் சீப்பு போட்டால் பம்மென்று ஆகிவிடும். கண்டிஷனர் கலந்த தண்ணீர் தெளித்து, விரலாலேயே பிரித்துப் பின்னுங்கள். பின்னல் தானாகவே அகலமாக வரும் என்பதால் ஓரத்தை இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இளக்கினால் போதும்.

தினமும் இப்படிப் போடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஒரே இடத்தில் தொடர்ந்து இழுத்துப் பின்னிக்கொண்டே இருந்தால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலிந்து உதிரத் தொடங்கும். நெடுநாள் அப்படியே நீடித்தால் உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்காமலும் போகலாம். நெற்றியோரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் மாதிரி வந்தாலோ, தொட்டால் வலித்தாலோ கொஞ்ச நாளைக்குப் பின்னலை விட்டுவிட்டுத் தளர்வாக ஒரு ரப்பர் பேண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழற்றும் விதத்தையும் சிலர் கேட்டார்கள். முதலில் எல்லாப் பின்களையும் எடுத்துவிடுங்கள். எத்தனை குத்தினோம் என்று காலையிலேயே எண்ணி வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. குட்டி ரப்பர் பேண்டை உருவாதீர்கள், முடியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். அப்புறம் நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே மேலே போய், ஸ்ப்ரே ஒட்டிய இடத்தில் துளி எண்ணெய் தொட்டு, கடைசியில் அகலப் பல் சீப்பு.