கோணலாக வெட்டினாலும் குறையில்லை: பழைய பனியனில் பிள்ளைகளோடு பின்னும் கால்மிதி

திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் அரிசி தீர்ந்தாலும் தீரும், பனியன் துணி தீராது. சொந்தத்தில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனியில் இருப்பார். வண்டி துடைக்க, அடுப்புத் திண்டு துடைக்க, ஜன்னல் சந்தில் அடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையைத் துடைப்பதும் அதில்தான். அப்படியும் மிஞ்சி, பீரோவுக்கு மேலே மூட்டையாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டு மூட்டை இந்த ஆடியில்தான் கீழே இறங்கியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அடிக்க ஆரம்பித்தால் வாசலில் பிள்ளைகளை விளையாட விட முடியாது, கண்ணெல்லாம் மண். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு நாலு வயது. இரண்டு பேரையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும். காகிதப் பூ, தெர்மாகோல் வீடு எல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. அதிலெல்லாம் ஒரு தொல்லை: மடிப்பு கொஞ்சம் தப்பினாலும் பொருளே கோணல், சின்னவன் கை பட்டால் அக்காளுக்கு அழுகை, கடைசியில் மொத்த வேலையும் என் தலையில். செய்து முடித்தது மறுநாள் குப்பையில் கிடக்கும்.

பனியன் துணியில் அந்தப் பிரச்சினை இல்லை. கோணலாக வெட்டிவிட்டு இழுத்தால் போதும், துணி சுருண்டு கோணல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். நான் வெட்டியதையும் மகள் வெட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். தையல் தெரியாதவர்களும் செய்யலாம்.

என்னென்ன வேண்டும்

பெரியவர்கள் போடும் பழைய பனியன் மூன்று. மூன்று நிறமாக இருந்தால் பின்னல் சொல்லிக்கொடுக்க வசதி. நல்ல கூரான துணிக் கத்தரி ஒன்று. பிள்ளைகளுக்கென்று விற்கும் முனை மழுங்கிய கத்தரி இதற்கு ஆகாது, பனியன் துணியை அது வெட்டாது, மென்று துப்பும். கோணி ஊசி அல்லது பெரிய கண் உள்ள ஊசி, கெட்டியான நூல், நாலைந்து ரப்பர் பேண்டு. அவ்வளவுதான்.

இந்த அளவுக்கு ஒன்றேகால் அடி அகலத்தில் வட்டமான கால்மிதி ஒன்று வரும்.

துணியைச் சோதித்துப் பாருங்கள்

எல்லாப் பனியன் துணியும் சுருளாது. வெட்டிய ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். ஓரம் தானாகச் சுருண்டால் அது சிங்கிள் ஜெர்சி, நமக்கு வேண்டியது அதுதான். சுருளாமல் தட்டையாகவே நின்றால் ரிப் அல்லது இன்டர்லாக் துணி. அதிலும் பின்னலாம், ஆனால் வெட்டின கோணல் அப்படியே வெளியே தெரியும்.

காரணம் கேட்டால் எளிது. சிங்கிள் ஜெர்சியை உற்றுப் பாருங்கள். முன்பக்கம் குட்டிக் குட்டிச் சடை போட்ட மாதிரி வரிவரியாக இறங்கும், பின்பக்கம் வளைவு வளைவாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் இழுவிசையும் சமமாக இல்லை. ஓரத்தில் பிடிமானம் போனதும் துணி ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொள்கிறது. ரிப்பிலும் இன்டர்லாக்கிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கண்ணி, அதனால் சுருட்டல் கிடையாது. கடையில் டி-ஷர்ட் வாங்கும்போது ஓரம் சுருண்டால் மட்டமான துணி என்று என் அம்மா ஒதுக்கி வைப்பார். இப்போது அவரே சுருளுகிற துணியாகத் தேடி எடுத்துக் கொடுக்கிறார்.

இன்னொன்று: பருத்தித் துணியாகப் பாருங்கள். பாலியெஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் பளபளவென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. அதில் கால்மிதி செய்து என்ன பயன்?

கை வைக்காத வெள்ளைப் பனியன் இருந்தால் முதலில் அதை எடுங்கள். வட்டப் பின்னல் மெஷினில் துணி குழாயாகவே இறங்கும். உடம்பளவுக்கு இறங்கிய குழாயை அப்படியே வெட்டித் தைப்பதால், இந்தப் பனியன்களில் பெரும்பாலும் பக்கவாட்டுத் தையல் இருக்காது. தையல் இல்லாவிட்டால் நாடாவில் முடிச்சு போலத் துருத்திக்கொண்டு எதுவும் நிற்காது. டி-ஷர்ட்டில் தையல் இருந்தாலும் தள்ளுபடி இல்லை, பின்னலுக்குள் போய்விடும். சாயம் விடும் துணி என்றால் முன்பே தனியாக அலசிக் காயவைத்துவிடுங்கள்.

வெட்டுவது

பனியனைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக ஒரே வெட்டு. அடியில் மடித்துத் தைத்த பட்டையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் திறந்த துணிக் குழாய் ஒன்று கையில் இருக்கும். மேல் துண்டைத் துடைக்கிற துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பட்டை வளையத்தை மகள் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குழாயின் அடி ஓரத்தில் ஓரிடத்தில் சாய்வாகக் கத்தரியை நுழையுங்கள். இரண்டு விரல் அகலம், அதாவது சுமார் 3 செ.மீ. வந்ததும் சாய்வை நிறுத்திவிட்டு, அதே அகலத்தில் குழாயைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே மேலே போங்கள். ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரிப்போமே, அதே மாதிரி. 80 செ.மீ. சுற்றளவும் 40 செ.மீ. உயரமும் உள்ள குழாயில் பதின்மூன்று சுற்று வரும். ஒரே பனியனில் பத்து மீட்டர் நாடா! சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டு ஹாலில் ஆரம்பித்துச் சமையலறையைச் சுற்றித் திரும்பி வந்தும் முடியவில்லை.

குழாயை மடித்துப் போட்டுச் சீப்பு மாதிரி வெட்டி, பிறகு சாய்வாக இணைத்து வெட்டும் முறை ஒன்றும் உண்டு. வேகமாக முடியும் என்று நானும் அப்படித்தான் தொடங்கினேன். சாய்வு வெட்டை நேராக வெட்டிவிட்டேன். நாடாவுக்குப் பதில் பதின்மூன்று தனித்தனி வளையங்கள். "ஏனுங்கம்மா, எனக்கு வளையலுங்களா?" என்று சின்னவன் கையில் எடுத்து மாட்டிக்கொண்டான். ஆரம்பத்தில் சுற்றி வெட்டுவதே நல்லது.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளை நம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று சுற்று வெட்டலாம். நீங்கள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், கத்தரி அவர்கள் கையில் இருக்கட்டும். அகலம் ஒரு இடத்தில் ஒரு விரல், இன்னொரு இடத்தில் மூன்று விரல் என்று போகும். திருத்தாதீர்கள். ரொம்ப மெலிந்து அறுந்துபோகும் என்று தெரிந்தால் மட்டும் கத்தரியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இழுப்பதும் உருட்டுவதும்

இது முழுக்கச் சின்னவர்களின் வேலை. நாடாவின் ஒரு முனையை நீங்கள் பிடிக்க, பிள்ளை ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த இடம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அப்புறம் அடுத்த கை தூரம். கத்தரி போன பாதையெல்லாம் கண் முன்னால் மறைவதைப் பார்க்க அவர்களுக்குச் சலிப்பதே இல்லை. "இது பாம்புங்களா?" என்று கேட்டவனிடம் ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் மூன்று பாம்பு: வெள்ளை, நீலம், மஞ்சள்.

இழுக்க இழுக்கப் பந்தாகச் சுற்றச் சொல்லுங்கள். பந்து உருண்டையாக வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீள நாடாவைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் பந்தையெல்லாம் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

அறுந்துபோனால்

முடிச்சுப் போடாதீர்கள், மிதிக்கும்போது காலில் உறுத்தும். அறுந்த இரண்டு முனைகளிலும் நுனியிலிருந்து ஒரு விரல் தள்ளிச் சின்னதாக ஒரு கண் வெட்டுங்கள், சட்டைப் பொத்தான் துளை அளவுக்கு. புது நாடாவின் கண் உள்ள முனையைப் பழைய நாடாவின் கண்ணுக்குள் நுழையுங்கள். பிறகு புது நாடாவின் மறுமுனையை எடுத்து, அதன் சொந்தக் கண்ணுக்குள்ளேயே விட்டு முழுவதும் இழுங்கள். இரண்டும் கோத்துக்கொள்ளும். இணைத்த இடம் எது என்று தேடினால்தான் தெரியும்.

பின்னுவது

மூன்று நாடாக்களின் முனையையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மூன்று பந்துக்கும் தனித்தனி ரப்பர் பேண்டு போட்டு, ஒரு முழம் நாடாவை மட்டும் வெளியே விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பத்து மீட்டரும் கீழே சிக்கிக்கொண்டு, பின்னுகிற நேரத்தைவிடச் சிக்கு எடுக்கிற நேரம் அதிகமாகிவிடும்.

பின்னல் தலைச்சடைதான். வலது ஓரத்து நாடா நடு நாடாவின் மேலேறி நடுவுக்கு வரும், அடுத்து இடது ஓரத்து நாடா அதே மாதிரி நடுவுக்கு வரும். திரும்ப வலது. மகளுக்கு வலது இடது குழம்பியது. என் அம்மா, அதாவது பிள்ளைகளுக்கு அம்மிச்சி, பக்கத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார்: "ஓரத்து வீட்டுக்காரங்க நடு வீட்டுக்கு விருந்துக்கு வாராங்க அம்மணி. இந்தப் பக்கத்து வீடு ஒருக்கா, அந்தப் பக்கத்து வீடு ஒருக்கா. யாரும் ரெண்டு தடவை சேர்ந்தாப்புல வரக்கூடாது." அப்புறம் அவள், "நீலம் விருந்துக்கு வருது, மஞ்சள் விருந்துக்கு வருது" என்று சொல்லிக்கொண்டே ஒரு சாண் பின்னிவிட்டாள்.

இறுக்கம் முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை, துணிக்கு இழுவை இருப்பதால் கொஞ்சம் இழுத்துவிட்டால் சமமாகிவிடும். மொத்தம் ஏழரை மீட்டர் அளவுக்குச் சடை வரும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். நாங்கள் சாயங்காலம் பால் குடித்த பிறகு கால் மணி நேரம் என்று ஒரு வாரம் பின்னினோம். இரண்டு நாள் யாரும் தொடவே இல்லை, கம்பியில் தொங்கியது.

நிறம் மாற்றவும் செய்யலாம். பவானி ஜமக்காளத்தில் வருகிற மாதிரி பட்டை பட்டையாக வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். அதற்கு மூன்று நாடாவும் ஒரே நிறமாக இருந்து, கொஞ்ச தூரம் போனதும் மூன்றையும் சேர்த்து அடுத்த நிறத்துக்கு மாற்ற வேண்டும். வட்டமாகச் சுற்றும்போது வளையம் வளையமாக நிறம் வரும். அடுத்ததற்கு ஆகட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன்.

தைப்பது

இதுவரை எல்லாத் தப்பையும் துணி பொறுத்துக்கொண்டது. இங்கே பொறுக்காது. ஊசி வேலை முழுக்கப் பெரியவர்களுடையது.

சடையின் முனையை நூலால் கட்டி, தட்டையான மேஜைமேல் அல்லது தரைமேல் வைத்துச் சுருட்டத் தொடங்குங்கள். மடியில் வைத்துத் தைக்கவே கூடாது. சடை படுத்த நிலையில் இருக்க வேண்டும், நிமிர்ந்து நிற்கக் கூடாது. உள் சுற்றின் ஓரத்தில் ஒரு கண்ணி, வெளிச் சுற்றின் ஓரத்தில் ஒரு கண்ணி என்று மாற்றி மாற்றி ஊசியைக் கோத்து இழுங்கள். விரல் அகலத்துக்கு ஒரு தையல் போதும்.

சடையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் வெளிச் சுற்று நீளம் பற்றாமல் போய், கால்மிதி கிண்ணமாகக் குவியும். ரொம்பத் தளர்வாக விட்டால் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். சடையைத் தளர்வாக, தன் போக்கில் வளையவிட்டு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குவிய ஆரம்பித்தால் அந்தச் சுற்றைப் பிரித்துவிட்டுக் கொஞ்சம் விட்டுத் தையுங்கள். ஆறு சுற்று தாண்டிய பிறகு பார்த்தால் பிரிக்க மனசு வராது. எனக்கு வரவில்லை. டிவி பார்த்துக்கொண்டே மடியில் வைத்துத் தைத்த எங்கள் முதல் கால்மிதி முழுக் கிண்ணமாகிவிட்டது. இப்போது அதில் சின்னவனின் கார்கள் கிடக்கின்றன. பொம்மைக் கூடை வேண்டுமென்றால் வேண்டுமென்றே இழுத்துத் தைத்துப் பாருங்கள், நன்றாகவே வருகிறது.

கடைசி முனையை மெலிதாக வெட்டி அடிப்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

எங்கே போடுவது, எப்படித் துவைப்பது

டைல்ஸ் தரையில் இது வழுக்கும். குளியலறை வாசலில் போடுவதாக இருந்தால் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று வெட்டிப் போடுங்கள். சிமெண்டுத் தரை, திண்ணை என்றால் தொல்லையில்லை. எங்களது தையல் மெஷினுக்கு அடியில் கிடக்கிறது.

கையிலும் துவைக்கலாம், மெஷினிலும் போடலாம். பிழியும்போது முறுக்காமல் சுருட்டி அழுத்துங்கள், முறுக்கினால் தையல் விட்டுப்போகும். பின்னல் கெட்டியாக இருப்பதால் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். ஆடியில் கம்பிக் கொடியில் போடுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் கிளிப் மாட்டுங்கள். காய்ந்ததும் லேசாகிவிடும். எங்களது ஒருநாள் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் தொங்கியது.