இறாலில் தொடங்கி நம் தண்டுவடம் வரை: நரம்பு மண்டலத்தைக் கண்ணால் கண்டு கற்கும் முறை

நரம்பு மண்டலத்தைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, பாம்பனிலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ கறிக்கு வாங்கிய இறாலையும் மீனையும் கழுவும் நேரத்திலேயே அதன் அமைப்பைக் கண்டறிவது எளிது. இதற்குப் பெரிய வெள்ளை இறால் ஒன்று, வட்டத் துண்டுகளாக வெட்டிய விளமீன், சிறு கத்தரிக்கோல், உருப்பெருக்கிக் கண்ணாடி, 30 செ.மீ. ஸ்கேல், டார்ச் ஆகியவை போதும். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நாட்டுப்படகில் வந்ததை வாங்கிக்கொள்ளலாம். நரம்புத் திசு விரைவில் குழைந்துவிடும் என்பதால், பழைய மீன் இதற்கு உதவாது.

படி 1: இறால்

இறாலின் முதுகில் தெரியும் கறுப்புக் கோட்டைப் பலர் நரம்பு என்று எண்ணி நீக்குகிறார்கள், அது குடல். நரம்பு வடம் வயிற்றுப்புறத்தில் இருக்கிறது. முதுகு ஓட்டை நீளவாக்கில் வெட்டி, தசையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டே போனால், வயிற்றுத் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெண்ணிற இழையும், கண்டத்துக்கு (உடல் வளையத்துக்கு) ஒன்றாக அதில் சிறு புடைப்புகளும் தென்படும். அந்தப் புடைப்புகள் நரம்புச் செல்கள் திரண்ட முடிச்சுகள். அந்தந்தக் கண்டத்தின் நீந்து கால்களை இயக்கும் வேலையின் பெரும்பகுதி அங்கேயே நடக்கிறது. வாலைச் சுண்டிப் பின்னோக்கித் தப்பும் இறாலின் தடித்த நரம்பிழைகளில் செய்தி பாயும் வேகம், ஓர் இனத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் என அளக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய மிக வேகமான நரம்பிழைகளிலோ அது சுமார் 120 மீட்டர்தான்.

படி 2: மீன் துண்டு

வால்பக்கத்துத் துண்டு ஒன்றை எடுத்து நடுமுள்ளை உற்றுப் பாருங்கள். முள்ளின் திரண்ட பகுதிக்கு மேலே ஒரு சிறு துளையும் அதனுள் வெண்மையான வடமும் இருக்கும், அதுவே தண்டுவடம். கீழ்த்துளையில் இருப்பவை இரத்தக் குழாய்கள். இறாலில் வயிற்றுப்புறம் இருந்த வடம், முதுகெலும்புள்ள உயிர்களில் முதுகுப்புறம் எலும்புக் கூண்டுக்குள் அமைந்திருக்கிறது. நம் உடலிலும் இதே ஏற்பாடுதான்: மூளையும் தண்டுவடமும் சேர்ந்து மைய நரம்பு மண்டலம், மூளையிலிருந்து 12 இணை, தண்டுவடத்திலிருந்து 31 இணை எனக் கிளம்பும் நரம்புகள் புற நரம்பு மண்டலம்.

படி 3: முழங்காலும் ஸ்கேலும்

உயரமான இருக்கையில் கால் தொங்க அமர்ந்து, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாணை விரல் ஓரத்தால் இலேசாகத் தட்டச் சொல்லுங்கள். தசை இழுபட்ட செய்தி உணர்வு நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து, மூளையின் முடிவுக்குக் காத்திராமல், அங்கிருந்தே இயக்க நரம்பு வழியே ஆணையாகத் திரும்புவதால் கால் தானாக உதைக்கிறது. ஆணை தசையை எட்ட ஏறத்தாழ 0.02 வினாடியே ஆகும்.

அடுத்து, ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, முன்னறிவிப்பின்றி விடட்டும். அதன் பூச்சியக் கோட்டருகே விரல்களைத் திறந்து வைத்திருக்கும் நீங்கள் அதைப் பிடியுங்கள். 15 செ.மீ. கோட்டில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.17 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி. முழங்கால் அனிச்சையைவிட இது பல மடங்கு மெதுவாக இருப்பதற்குக் காரணம், கண் கண்டது பெருமூளையின் பின்பகுதிக்குச் சென்று, அங்கிருந்து இயக்கப் பகுதிக்கு வந்து, பிறகே தண்டுவடம் வழியே கைக்கு இறங்க வேண்டியிருப்பதுதான். பலமுறை செய்து சராசரி எடுங்கள். ஒரே முயற்சியின் அளவை நம்ப வேண்டாம்.

படி 4: கண் பாவை

இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை போன்றவற்றை நம் விருப்பத்தைக் கேளாமல் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதன் பரிவு நரம்புகள் கண்ணின் நடுத்துளையான பாவையை விரிக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் சுருக்கும். மங்கலான அறையில் நண்பரின் ஒரு கண்ணுக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைச் சில நொடி காட்டினால், ஒளி படாத கண்ணின் பாவையும் சேர்ந்தே சுருங்கும். ஒரு கண்ணிலிருந்து வரும் செய்தியை நடுமூளை இரு பக்கமும் பகிர்ந்து அனுப்புவதே இதற்குக் காரணம். தலையில் அடிபட்டு வருபவரின் கண்களில் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பது, இந்தப் பாதை கெடாமல் இருக்கிறதா என்று அறிவதற்காகத்தான்.