சேணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

அமெரிக்க மாட்டுக்காரர்களின் பழைய வெஸ்டர்ன் சேணம் ஒன்றை வாங்கிவிட்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன எண்ணெய் போடலாம்?" என்றுதான். எண்ணெய் கடைசி வேலை. முதலில் சேணத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். டெக்சாஸில் அமரில்லோ ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கயிறு வீசி மாடு பிடிக்கும் சேணம் 16 முதல் 20 கிலோ வரை எடை இருக்கும். பிடிபட்ட மாடு இழுக்கும் இழுப்பெல்லாம், சேணத்தின் முன்னால் கயிறு சுற்ற நிற்கும் கொம்பு வழியாக மரச்சட்டத்துக்கும், அங்கிருந்து வயிற்று வார்களுக்கும் போய்ச் சேர்கிறது. மேலே பூவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏறி உட்கார்ந்தவரின் உயிரைப் பிடித்திருப்பது கண்ணில் படாத அந்த அடிப்பாகம். அதனால்தான் பார்வையை அங்கே தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். இங்கே அதை 'ட்ரீ' என்பார்கள். மரத்தில் செதுக்கி, மேலே பதனிடாத பச்சைத்தோலை ஈரமாக இழுத்துத் தைத்துக் காயவிட்டது. சேணத்தின் முன்பக்கத்தை உங்கள் தொடையில் அணைத்துக்கொண்டு, இருக்கையின் பின்மேட்டை இரு கையாலும் பிடித்து உங்களை நோக்கி அழுத்தமாக இழுங்கள். நடுவில் மடிவது போல் அசைந்தால் சட்டம் உடைந்திருக்கிறது. பிறகு முன்வளைவின் இரு பக்கத்தையும் பிடித்து விரித்துப் பாருங்கள். கொம்பைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தோல் கிறீச்சிடுவது வேறு, மரம் அசைவது வேறு; சத்தத்தை விட்டுவிட்டு அசைவை மட்டும் கவனியுங்கள். சட்டம் உடைந்த சேணத்தை வீட்டில் சரிசெய்ய முடியாது. மொத்தத்தையும் பிரித்து, புதுச் சட்டம் வைத்து, மறுபடி கட்ட வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் சேணத்தின் விலையைத் தாண்டிவிடும். உடைந்த சட்டத்தோடு ஓட்டினால் குதிரையின் முதுகு புண்ணாகும். அதை நான் யாருக்கும் தைத்துக் கொடுப்பதில்லை.

சட்டம் நன்றாக இருந்தால் வார்களுக்கு வாருங்கள். இடப்பக்கம் நீளமாகத் தொங்குவது லாட்டிகோ, வயிற்றுக் கச்சையை இறுக்கும் வார். தினமும் இறுக்கி அவிழ்ப்பதால் அதன் நிலைமை எல்லோருக்கும் தெரியும். வலப்பக்கத்தில் இருக்கும் குட்டை வாரை, இங்கே 'ஆஃப் பில்லட்' என்பதை, யாரும் தொடுவதே இல்லை. ஒரே துளையில் வருடக்கணக்காக மாட்டியபடியே கிடக்கும். குதிரையின் வியர்வை உப்பு அங்கேதான் ஊறும். போன வசந்தத்தில் ஒரு சேணம் வந்தது. மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. வலது வாரை வளையத்திலிருந்து கழற்றி மடித்தேன், மடிப்பில் பாதித் தடிமனுக்கு வெடித்திருந்தது.

சோதிப்பது எளிது. உலோக வளையத்தைச் சுற்றி வார் மடியும் இடத்தை நகர்த்தி வெளியே எடுத்து, வழவழப்பான மேல்பக்கம் வெளியே வருமாறு மடியுங்கள். மேல்பூச்சில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குறுக்கே பிளவு விழுந்து உள்ளே நார் தெரிந்தால் அந்த வார் முடிந்தது. துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தாலும் அப்படித்தான். அதைத் தைத்து ஒட்டுப்போட வேண்டாம். இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாக விட்டால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

புது லாட்டிகோ மாட்டுவது அரைமணி நேர வேலை. எண்ணெயும் மெழுகும் ஏற்றிய லாட்டிகோ தோலில், 1¾ அங்குல அகலம், 6 அடி நீளம் போதும். பழையதைக் கழற்றும் முன், அதை வளையத்தோடு கட்டியிருக்கும் தோல்நாடா எந்தத் துளையில் நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் கோத்து இழுத்துக் கட்டினால் இழுப்பு கூடக்கூட முடிச்சு இறுகும். திருகாணி போட்டு முடிப்பவர்களும் உண்டு. அது தளரும். உயிர் தாங்கும் இடத்தில் நான் தோல்நாடாவைத்தான் நம்புவேன்.

கால் வைக்கும் அங்கவடியின் வாரிலும் ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. இருக்கைக்கு அடியில், சட்டத்தின் மேல் மடிந்து கிடக்கும் பகுதி. வாரை அப்படியே கீழே இழுத்து, அந்த மடிப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தச் சமவெளியில் காற்று ஓயாது. மணல் அங்கே போய் உட்கார்ந்து தோலை அரத்தால் ராவுவது போல் ராவும். துடைத்துவிட்டுச் சேர்த்தாலே அதன் ஆயுள் கூடும். நீளம் மாற்றும் பிளெவின்ஸ் கொக்கியின் முளைகள் ஆடாமல் நிற்கின்றனவா, உறை அவற்றை முழுக்க மூடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வயிற்றுக் கச்சை மோஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்) இழையாக இருந்தால் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டு ஊறவைத்து அலசி, நிழலில் காயவிடலாம். முள், புல்விதை எல்லாவற்றையும் விரலால் தடவி எடுங்கள். இழைகள் அறுந்திருந்தால் கச்சையை மாற்றிவிடுங்கள். பின்கச்சை உள்ள சேணத்தில், இரண்டு கச்சைகளையும் அடியில் இணைக்கும் சிறுவார் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பின்கச்சை அடிவயிற்றுக்கு நகரும், எந்தச் சாதுக் குதிரையும் துள்ளும்.

தையல் விட்ட இடங்களுக்கு இப்போது வரலாம். எனக்கு மிகப் பிடித்த வேலை இது. சேணத்தின் பெரிய பாகங்களில் வரும் தோல் 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன். மரப்பட்டைச் சாறில் பதனிட்டது. ஆவாரம்பட்டையில் தோல் ஊறிய ஊர்க்காரர்களுக்கு அதன் வாசனை உடனே பிடிபடும். செயின்ட் லூயிஸில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக் பதனிடுகூடத்துத் தோலை இங்கே பலர் தேடி வாங்குகிறார்கள்.

அறுந்த நூலை முழுக்கப் பிடுங்குங்கள். தையல் தூரத்தைப் போல் ஐந்து மடங்கு மெழுகு நூல் எடுத்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். நல்லபடி இருக்கும் பழைய தையலுக்குள் மூன்று துளை தள்ளித் தொடங்கி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைத்து, ஒரே அளவு இழுப்பில் இறுக்குங்கள். இயந்திரத் தையலில் ஒரு நூல் தேய்ந்து அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு போகும். இரண்டு ஊசித் தையலில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். குத்தூசியைப் பழைய துளையைத் திறக்க மட்டும் பயன்படுத்துங்கள். இடையில் புதுத் துளை குத்தினால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். முடிவில் மூன்று தையல் திரும்பி வந்து நூலை ஒட்ட வெட்டுங்கள்.

அடியில் உள்ள ஆட்டுக்கம்பளியைக் கம்பிப் பிரஷ்ஷால் மெதுவாகச் சீவி, பிறகு உள்ளங்கையால் முழுக்கத் தடவுங்கள். ஆணிமுனை, திருகு முனை, காய்ந்த முள் எது இருந்தாலும் கைக்குத் தெரியும். வழுக்கையான திட்டுகள் பெரிதாகிவிட்டால் கம்பளியை மாற்றும் நேரம். அது சேணக்காரர் வேலை.

இனி சுத்தம். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கிளிசரின் சேணச் சோப்பை, பிழிந்த பஞ்சில் நுரை மட்டும் வருமாறு எடுத்துத் தேயுங்கள். குழாயடியில் வைத்துக் கழுவ வேண்டாம். துடைத்துவிட்டு நிழலில் வைக்கவும். லேசாக ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவினால் சீராகப் பரவும். மாட்டுக்கால் எலும்பிலிருந்து காய்ச்சும் சுத்தமான நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் வேண்டும். 'காம்பவுண்ட்' என்று போட்டிருந்தால் வேறு எண்ணெய்களும் கலந்தது, எடுக்காதீர்கள். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்; 24 டிகிரிக்குக் கீழே உறைந்து, இங்கத்திய குளிரில் வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் பொறுமை, தேவைப்பட்டால் இன்னொன்று. எண்ணெயில் குளிப்பாட்டிய தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலை மறுபடி விறைப்பாக்க எனக்குத் தெரிந்து வழியில்லை.

அங்கவடி குதிரையை ஒட்டித் திரும்பிக்கொண்டு முழங்காலை நோகடித்தால், வாரின் கீழ்ப்பகுதியை நனைத்து, அங்கவடிகளை வெளிப்பக்கம் முறுக்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு துடைப்பக்கட்டையைக் குறுக்கே செருகி இரவு முழுக்க விடுங்கள். சேணத்தைத் தாங்கியில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். பழைய பருத்திப் போர்வை போதும்.

எல்லாம் முடிந்தபின், முதல் நாள் கயிற்றோடு மாட்டுப்பக்கம் போகாதீர்கள். புது வார் இழுபடும். வேலியோரமாக நடையில் பத்து நிமிடம் போய், இறங்கி, லாட்டிகோவை இன்னொரு முறை இறுக்குங்கள். அரைமணி கழித்து மறுபடியும் இறுக்குங்கள். திரும்பி வந்ததும் வலது வாரையும் தோல்நாடா முடிச்சையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் கயிற்றை மாட்டலாம்.