பிரிந்த இசைக்குழுவினரிடம் கேட்கக் கூடாத விதம்

இசைக்குழு ஒன்றிலிருந்து விலகியவரைப் பேட்டி காணச் செல்பவர்கள் பெரும்பாலும் "யாரால் பிரிந்தீர்கள்?" என்ற கேள்வியோடுதான் செல்கிறார்கள். பிரிவுக்கு ஒரு நாளும் ஒரு குற்றவாளியும் இருந்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. என் கணிப்பில் பெரிய தவறும் அதுவே.

இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸை எடுத்துக்கொள்வோம். 1970 ஏப்ரல் 10 அன்று பால் மெக்கார்ட்னி விலகுகிறார் என்று நாளேடுகள் எழுதின. ஆனால் ரிங்கோ ஸ்டார் 1968 ஆகஸ்டிலேயே மனம் நொந்து வெளியேறித் திரும்பியிருந்தார். ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஜனவரியில் ஒத்திகையின் நடுவே எழுந்து போனார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் லெனன் தாம் விலகுவதாக மற்றவர்களிடம் சொல்லியும், ஒப்பந்த விவகாரத்தைக் கருதி அது வெளியே வராமல் காக்கப்பட்டது. சட்டப்படி அவர்களது கூட்டு கலைந்தது 1975இல்தான்.

அந்த ஏப்ரல் செய்திக்கு மூலம், மெக்கார்ட்னி தம் தனி ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பிய கேள்வி-பதில் தாள். லெனனோடு மீண்டும் சேர்ந்து பாட்டு எழுதுவீர்களா என்பதற்கு அதில் "இல்லை" என்றவர், பிரிவு தற்காலிகமா நிரந்தரமா என்பதற்குத் தமக்கே தெரியவில்லை என்றுதான் விடை எழுதியிருந்தார். தலைப்புக்கு ஏறியதோ உறுதி மட்டும்; தயக்கம் காணாமற்போனது. பேட்டியை எழுத உட்காரும்போது நாமும் இதே தவறைச் செய்கிறோம்.

தொடக்க காலத்தில் நான் ஒரு கிதார் கலைஞரிடம் பிரிவைப் பற்றியே முதலில் கேட்டேன். வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அவர் மேசைமேல் வைத்தார். அதன்பின் எல்லாக் கேள்விக்கும் ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. அவருடைய பழைய கூட்டாளி சொன்னதை எடுத்துச் சொன்னால் பேசுவார் என்று நினைத்து அதையும் சொன்னேன். அது கேள்வியன்று, கோள் மூட்டுவது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நெடுநாள் நீடித்த குழுக்களிடம் "வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டால் நட்பு, நம்பிக்கை என்ற தேய்ந்த பதில்களே கிடைக்கும். மாறாக, பாட்டு யார் பெயரில் பதிவாகிறது, ராயல்டி எப்படிப் பங்காகிறது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு 1980 முதல் 2011 வரை நீடித்தது. குழுவில் யார் எழுதினாலும் பாடல்களை உறுப்பினர் அனைவர் பெயரிலுமே வெளியிட்டு வந்தது. பணத்தைப் பற்றிய அந்த ஏற்பாட்டில் தெரியும் உறவு, நட்பைப் பற்றிய நூறு வாசகங்களில் தெரியாது.

புதிய முயற்சியைப் பற்றிப் பேச வந்தவரிடம் "மீண்டும் எப்போது சேர்வீர்கள்?" என்பதையே சுற்றிச் சுற்றிக் கேட்பது அவருடைய இன்றைய உழைப்பை அவமதிப்பதாகும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965இல் பிரிந்து, 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காகத்தான் மீண்டும் இணைந்தார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளையும் காத்திருந்த காலமாக எண்ணினால், இருவரும் தனித்தனியே இசையமைத்த படங்கள் என்னாவது? ஆகவே புதிய ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள். முன்பு கூட்டாளி பார்த்துக்கொண்ட எந்த வேலையை இப்போது தாமே செய்ய வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பிரிந்த கதையை அந்தப் பதிலின் நடுவே, நீங்கள் கேட்காமலே, அவர் சொல்லத் தொடங்குவார்.