கேஷுவல்டியில் போதை தெளிந்த பிறகு: இளைஞரிடம் குடியைப் பற்றிப் பேசுவது எப்படி

குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்த பையனுக்குத் தையல் போட்டு, டிடி ஊசி போட்டு, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவுப் புத்தகத்தில் ‘மது வாடை உள்ளது’ என்று எழுதி அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் பேசினால் அடுத்த விபத்தைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. காயம் வலிக்கிற நேரத்தில் காதும் திறந்திருக்கும்.

மட்டையாகிக் கிடப்பவரை ‘குடிதான், தெளிஞ்சிடும்’ என்று ஓரமாக விட்டுவிடாதீர்கள். விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில் குடித்தவருக்கு அது 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஜிசிஎஸ்ஸையும் (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) கண்மணியையும் அரை மணிக்கு ஒருமுறை குறியுங்கள். போதை என்றால் நேரம் ஆக ஆகத் தெளிய வேண்டும். தெளியாமல் நின்றாலோ இன்னும் மந்தமானாலோ தலைக்கு சிடி எடுக்க வேண்டும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்து ‘கண்ணு மங்குது, வயிறு வலிக்குது’ என்று வந்தால் மெத்தனாலை, அதாவது கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் நச்சைச் சந்தேகியுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான்.

பேச்சுக்கு நேரம் பார்ப்பது முக்கியம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். மோரோ எலுமிச்சைச் சாறோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை வேகப்படுத்தாது. வாய் குழறாமல், தள்ளாடாமல் நடந்து, நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு முன் பேசினால் காலையில் எதுவும் நினைவிருக்காது. அப்பா, நண்பர்கள், போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். அப்பா எதிரில் எந்தப் பையனும் உண்மையான அளவைச் சொல்ல மாட்டான்.

“தம்பி, நேத்து நடந்ததைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசலாமா? திட்டுறதுக்கு இல்ல.”

“ரெண்டு பெக்தான் சார்.”

“எத்தனை பேரு, என்ன பாட்டில்?”

“ஒரு ஃபுல்லு. நாலு பேரு.”

கணக்கை இங்கேதான் போட வேண்டும். 750 மி.லி.யை நாலாகப் பிரித்தால் தலைக்கு 187. குவார்ட்டருக்கும் (180 மி.லி.) கொஞ்சம் மேல். 42.8 சதவீத சரக்கில் 30 மி.லி. என்பது 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஓர் அலகு. கட்டிங் (90 மி.லி.) 3 அலகு, குவார்ட்டர் 6. 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை, 8 சதவீதம் என்றால் 4. ‘ரெண்டு பெக்’ என்றவர் குடித்தது 6 அலகுக்கு மேல். ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் அறிவுரையைவிட அந்த எண்ணைத்தான் அவர் வெறித்துப் பார்ப்பார்.

அடுத்து ஆடிட்-சி, குடிப்பழக்கத்தின் ஆபத்தை அளக்கும் மூன்றே கேள்வி: எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார், குடிக்கும் நாளில் எத்தனை அலகு, ஒரே அமர்வில் 6 அலகோ அதற்கு மேலோ எத்தனை தடவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண். மொத்தம் ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்தாலே பேச வேண்டியவர். 18 வயதுக்குக் கீழே என்றால் மதிப்பெண் பார்க்காமலே பேசுங்கள். பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவது நம் வழக்கமான தவறு.

பிறகு ஓர் அளவுகோல்: “குறைக்கணும்னு எவ்வளவு தோணுது? பத்துக்கு எவ்வளவு?” அவர் 3 என்றால், “ஏன் பத்து இல்ல?” என்று கேட்காதீர்கள்; சாக்குகள்தான் வரும். “ஏன் பூஜ்யம் சொல்லல?” என்று கேளுங்கள். காரணம் அவர் வாயிலிருந்தே வரும்: அம்மா அழுதது, லைசென்ஸ், வேலை. வந்ததும் நீங்கள் பேச்சை நிறுத்துங்கள்.

‘இனி குடிக்கவே மாட்டேன்’ என்ற சத்தியத்தை வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பீட்டர் மான்டி குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவில் இப்படிப் பேசப்பட்ட 18, 19 வயதினரும் பேசப்படாதவர்களும் குடியை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தார்கள். ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் குடியால் வரும் காயங்களும் பேசப்பட்டவர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்தன. அதனால் சிறிதாக, செய்யக்கூடியதாக ஒன்றைக் கேளுங்கள்: குடிக்கிற நாளில் சாவி குடிக்காத நண்பனிடம், முதலில் சாப்பாடு, கட்டிங்கோடு நிறுத்துவது. அவர் கையாலேயே டிஸ்சார்ஜ் தாளின் பின்புறம் எழுத வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர் என்றால் ‘உடனே நிறுத்து’ என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். சாக நினைத்துக் குடித்தாரா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். கையில் கொடுக்க இரண்டு எண்கள்: 14416 மனநல ஆலோசனைக்கு, 14446 போதை மீட்புக்கு.

அடுத்த பேச்சுக்குத் தனியாக நாள் குறிக்க வேண்டாம். தலைக்காயத் தையல் பிரிக்க ஏழாம் நாள் வருவார். அன்றைக்கு அந்தத் தாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். வராதவருக்கு போன் போட வேண்டியிருக்கும். எண்ணை அவரிடமே வாங்கி வையுங்கள். கூட வந்தவர் கொடுப்பது பெரும்பாலும் அப்பாவின் எண்ணாக இருக்கும்.